ஊசியை நிறுத்தாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் தோட்ட மண்டபத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேசப்போவது ஆண்களுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி. ஆனாலும் பெண்களும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினேன். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புரஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயதுபோன காலத்தில் சிலருக்கு அதில் புற்றுநோய் வருகிறது. அது எலும்புக்குப் பரவிவிட்டால் அடியோடு மாற்றுவது கஷ்டம். ஆனால் அடக்கி வைக்கலாம். அப்படி அடக்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் பலர். அதற்குக் கொடுக்கும் முக்கியமான வைத்தியந்தான் ஹோர்மோன் வைத்தியம்.

தேயிலைக்கு உரம் எப்படியோ, இந்தப் புற்றுநோய்க்கு ஆண் ஹோர்மோன் அப்படி. உரத்தை நிறுத்தினால் நோய் வாடும். அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற டொக்டர் 1941ஆம் ஆண்டில் இதைக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு விதைகளை எடுக்கும் ஒப்பரேஷன் செய்தார்கள். அது இன்றைக்கும் உண்டு. இல்லாவிட்டால் கொசரலின் போன்ற ஊசி, 28 நாளைக்கு ஒரு தடவை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பைகலுட்டமைட் போன்ற குளிசைகளும் இருக்கின்றன.

ஆனால் அதே ஹோர்மோன்தான் ஆண்களின் எலும்புக்கும், தசைக்கும், ஆசைக்கும் பலம். அதை நிறுத்தும்போது நோயோடு சேர்ந்து இவையும் கொஞ்சம் வாடத்தான் செய்யும். இதுதான் பக்கவிளைவு. ஊசி பிழை என்றோ, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றோ நினைக்க வேண்டாம்.

முதலாவது, திடீர்ச் சூடு. நுவரெலியாக் குளிரிலேயே முகமும் நெஞ்சும் குப்பென்று சூடாகி வேர்க்கும். சில நிமிஷத்தில் அடங்கும். இரவில் போர்வையே நனைந்துபோகும். ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்புப் போடுங்கள், வேண்டியபோது ஒன்றைக் கழற்றலாம். பிளேன்டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் ஆறவிட்டுக் குடியுங்கள். கடும் உறைப்பு, சாராயம், சுருட்டு எல்லாம் சூட்டைக் கூட்டும். தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள்.

இரண்டாவது, எலும்பு. மெள்ள மெள்ளப் பலம் குறையும். லயத்து வாசற்படியில் வழுக்கினாலே இடுப்பெலும்பு உடையலாம். ஆகவே இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் வெளிச்சம் வேண்டும். படியில் பாசி பிடித்திருந்தால் பிள்ளைகள் தேய்த்துக் கழுவிக் கொடுங்கள். வெறும் கோதுமை மா ரொட்டியோடு நிற்காமல் குரக்கன், முள்ளோடு நெத்தலி, கீரை, முட்டை, பால் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடு வைத்திருக்கிற வீடுகளில் எல்லாப் பாலையும் விற்றுவிடாமல் தாத்தாவுக்கு ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். கல்சியம் குளிசை வேண்டுமா என்பதை டொக்டர் சொல்வார்.

மூன்றாவது, களைப்பு. தசை குறைந்து வயிறு பெருக்கும். சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வர இடமுண்டு. கவ்வாத்து வெட்டின மனுஷன் அடுப்படியில் குந்திவிட்டால் இன்னும் மோசம். தினமும் அரை மணித்தியாலம் சம தரையில் நடக்கலாம். நாற்காலியில் பத்துத் தரம் உட்கார்ந்து எழும்பலாம். எலும்பில் நோய் இருப்பவர்கள் பாரம் தூக்கு முன் டொக்டரிடம் கேட்க வேண்டும். சீனியும் பிரஷரும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

நான்காவதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆண்மை குறையும், ஆசையே இல்லாமல் போகலாம். சிலருக்கு மார்பு வீங்கி நோகும். சிலர் சின்ன விஷயத்துக்கும் அழுவார்கள், கோபப்படுவார்கள். இதை யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஊசியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டால் “இப்ப சுகந்தானே, எதுக்கு ஊசி?” என்பார்கள். அந்தச் சுகம் ஊசியால் வந்த சுகம்! நிறுத்தினால் நோய் திரும்பத் தலைதூக்கும்.

அம்மாமார்களே, உங்களை வரச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் வீட்டுக்காரர் விலகிப் படுத்தால் அது உங்கள் மேலுள்ள வெறுப்பில்லை, மருந்தின் வேலை. “என்னங்க, எனக்குத் தெரியும், பரவாயில்லை” என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவருக்கு அது பெரிய ஆறுதல். மகன்மார்களே, அப்பாவைக் கேலி பேச யாரையும் விடாதீர்கள். ஆண்மை லேகியம் என்று டவுனில் விற்பதை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறதோ, அது நோய்க்கே உரமாகலாம்.

சில அறிகுறிகளுக்கு அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. கால் மரத்து பலமிழந்தால், திடீரென்று முதுகு தாங்க முடியாமல் வலித்தால், மூத்திரம் அடைத்தால், மலம் போவது தெரியாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருந்தால், தாமதித்தால் கால் திரும்ப வராது. நெஞ்சு வலித்தாலும் அப்படியே. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முதல் ஊசி போட்ட சில வாரங்களில் வலி கூடலாம். அதைத் தடுக்கத்தான் ஊசிக்கு முன்பே குளிசை தருகிறார்கள், அதை விடாதீர்கள். குளிசை குடிப்பவர்களுக்குக் கண் மஞ்சளானால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

கண்டிக்கோ மகரகமவுக்கோ போய்வந்தால் ஒரு பேர் போய்விடும், பஸ் செலவும் இருக்கிறது. கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அதனால் ஊசித் தேதியைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போடுங்கள். தீபாவளி, திருவிழா என்று தள்ளிப்போட வேண்டாம். போகும்போது கிளினிக் கொப்பியும், குடிக்கிற எல்லாக் குளிசைகளும் கையில் இருக்கட்டும். சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னென்ன உபாதை என்று முதல் நாளே துண்டில் எழுதிக் கொடுத்தால், வாயால் சொல்ல வெட்கப்படுவதையும் டொக்டர் வாசித்துக்கொள்வார். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஊசி இல்லை என்றால் சும்மா திரும்பி வராமல், வேறு என்ன செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள். ஒப்பரேஷனும் ஒரு வழிதான்.

பக்கவிளைவைக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் சொன்னால்தான் வழி பிறக்கும். டொக்டரிடம் சொல்லுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள். அங்கேயும் கூச்சமாக இருந்தால் என் ஒபிசுக்கு வாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். ஊசியை மட்டும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.