முதலாளி வாங்கிய டீமும் ரசிக ஜனங்களும்

(அவிநாசியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கால்பந்தைப் பற்றிப் பேசக் கட்சி ஊழியனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். போனஸைப் பற்றியும் பீஸ் ரேட்டைப் பற்றியும் நாம் பேசாத நாளில்லை. இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் பனியன் கம்பெனியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் வாரம் முழுவதும் நின்ற கால்கள், லீவு கிடைத்த அன்று பந்தைத் தேடி ஓடுகின்றன. தொழிலாளி ஆசை வைத்த பொருள் யார் கையில் இருக்கிறது என்று விசாரிப்பதும் நம் வேலைதான்.

முதலில் பக்கத்து ஊர்ச் சங்கதி. சென்னை சிட்டி என்ற பெயரில் ஒரு டீம், கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஐ-லீக் கோப்பையை எடுத்தார்கள். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட் கூடுதல்! அதற்கு முந்தின மாதந்தான் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் இந்த டீமில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. நம் பக்கத்தில் எத்தனை நம்பிக்கை! வெளிநாட்டுப் பயிற்சி வரும், நம் பையன்கள் ஐரோப்பாவுக்குப் போவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அங்கே பாசெல் ரசிகர்களோ, நம் கிளப்பின் பணம் ஏன் இந்தியாவுக்குப் போகிறது என்று எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களுக்கும் பதில் இல்லை, நமக்கும் பதில் இல்லை. 2020-21 பருவத்தோடு ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் ஆட்டம் முடிந்துவிட்டது. டீமை வைத்துக்கொள்வதா, விடுவதா என்ற பேச்சில் டிக்கெட் வாங்கியவனுக்கு நாற்காலி போடவே இல்லை.

இப்போது கல்கத்தாவுக்குப் போவோம். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் டீம், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை 2-1 என்று தோற்கடித்தது. ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் வெறுங்காலோடு ஆடினார்கள். 1889ல் பிறந்த அந்தக் கிளப், வங்காளிக்குக் குலதெய்வம் மாதிரி. 2020 ஜனவரியில் அதன் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதத்தை சஞ்சீவ் கோயங்காவின் கம்பெனிக் குழுமம் எடுத்துக்கொண்டது. கல்கத்தா நகரத்துக்கு மின்சாரம் விற்கும் குழுமம் அது. ரசிகன் வீட்டு விளக்குக்கும் அவரிடமே பில் கட்டுகிறான், விளையாட்டுக்கும் அவர் முகத்தையே பார்க்க வேண்டியதாயிற்று. அவரிடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்று ஒரு டீம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டு கண்ட பெயருக்கு முன்னால், 2014ல் பிறந்த டீமின் பெயர்!

ரசிகர்கள் விடவில்லை. ‘ஏ.டி.கே.யை எடு’ என்ற கோஷம் மூன்று ஆண்டு ஓயவில்லை. 2023 மார்ச் 18 அன்று ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்த கையோடு, அந்தப் பெயரை எடுத்துவிடுவதாகக் கோயங்கா அறிவித்தார். ஜெயம்தான். ஆனால் முழு ஜெயமா? முன்னால் ஒட்டியதைப் பிய்த்துவிட்டுப் பின்னால் ‘சூப்பர் ஜயன்ட்’ என்று ஒட்டினார். 2021ல் 7,090 கோடி ரூபாய்க்கு அவர் எடுத்த லக்னோ கிரிக்கெட் டீமுக்கும் அதே வால்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பணம் வந்த பிறகு மோகன் பகானுக்குக் கோப்பைகளும் வந்தன. 2024-25ல் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையுமே எடுத்தார்கள். “கோப்பை வருகிறது, பெயரில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிற ரசிகனை நாம் மடையன் என்று சொல்ல மாட்டோம். ஜெயிக்க ஆசைப்படுவது குற்றமா? நல்ல ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வேண்டும், மைதானம் வேண்டும், டாக்டர் வேண்டும். சர்க்கார் செய்யாததைப் பணக்காரன் செய்கிறேன் என்றால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஈஸ்ட் பெங்கால் கதை இன்னும் கசப்பானது. 1920ல் தொடங்கிய கிளப். பிரிவினையில் வீடுவாசல் இழந்து வந்த அகதி ஜனங்கள், எங்களுக்கும் ஒரு பெயர் உண்டு என்று கட்டிப் பிடித்துக்கொண்ட கிளப். 2018ல் க்வெஸ் என்ற கம்பெனி வந்தது, 2020ல் போய்விட்டது. உடனே ஸ்ரீ சிமென்ட் வந்தது. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இறுதி ஒப்பந்தம் வந்தபோது, இதில் கையெழுத்திட்டால் கிளப் உறுப்பினர்களின் உரிமை பறிபோகும் என்று நிர்வாகிகள் மறுத்தார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘கையெழுத்துப் போடு, டீம் ஆடட்டும்’ என்பது ஒரு பக்கம். ‘கிளப்பை எழுதிக் கொடுக்காதே’ என்பது மறு பக்கம். 2021 ஜூலை 21 அன்று கிளப் வாசலில் இரு சாராரும் மோதினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரே கொடியைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, இரு தரப்புமே லத்தியடி பட்டார்கள்! சங்கம் பிளந்தால் மில் வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் டீம் கடைசி இடத்துக்கு வந்தது. 2022ல் சிமென்ட் கம்பெனியும் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று.

மில் தொழிலாளிக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. என்ற துணி மில், 1971ல் ஒரு டீம் வைத்தது. 1996-97ல் முதல் தேசிய லீக்கை ஜெயித்தது அந்த மில் டீம்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் ஐ.எம். விஜயன் அதில் ஆடினார். நாற்பது வருஷம் ஆடிய டீமை 2011ல் கலைத்துவிட்டார்கள். லீக்கில் போதிய விளம்பரம் கிடைக்கவில்லை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. பெரிய முதலாளியென்றால் பயமில்லை என்பாரும் உண்டு. 2025 ஆகஸ்டில் லீக் நடக்குமா என்று சந்தேகம் வந்தவுடன், பெங்களூரு டீம் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதன் சொந்தக்காரர் ஜே.எஸ்.டபிள்யூ. இரும்பு முதலாளி! நம் பாஷையில் இதற்கு லே-ஆஃப் என்று பெயர்.

இங்கிலாந்தில் லங்காஷயரில் பிளாக்பர்ன் என்று ஒரு பஞ்சாலை ஊர் இருக்கிறது. 1931ல் காந்தி மில் தொழிலாளரைச் சந்தித்த டார்வென், அதற்கு அடுத்த ஊர். 1883ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற டீமில் நெசவாளியும் நூற்பாளியும் ஆடி, ஈட்டன் என்ற சீமான் வீட்டுப் பள்ளியின் பழைய மாணவர்களைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார்கள். (அப்போதும் செலவு செய்தது ஓர் இரும்புப் பட்டறை முதலாளிதான்.) அதே ஊரின் ரோவர்ஸ் டீம், ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் எஃகு வியாபாரியின் பணத்தில் 1995ல் லீக் பட்டம் பெற்றது. அவர் காலத்துக்குப் பிறகு 2010 நவம்பரில் அதை வாங்கியது யார் தெரியுமா? நம் புனாவின் வெங்கீஸ் கோழிக் கம்பெனி! சுமார் 2 கோடி 30 லட்சம் பவுன். ஒரு மாதத்துக்குள் மேனேஜரை நீக்கினார்கள். ஆட்டக்காரர்களைக் கோழிக்கால் கடிக்க வைத்து விளம்பரம் எடுத்தார்கள். 2012 மே மாதம் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அன்று, ரசிகர்கள் மைதானத்துக்குள் உயிருள்ள கோழியை விட்டார்கள். புது முதலாளி வருஷாவருஷம் பணம் போட்டதும் உண்மைதான். ஆனால் 2023 முதல், இங்கே நடந்த அமலாக்கத் துறை விசாரணையால், பணம் அனுப்ப டெல்லி ஐகோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. லங்காஷயர் ஜனங்களின் டீம் டெல்லிக் கோர்ட்டில் காத்து நின்றது!

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. ஷெட்டும் உழைப்பும் நம்முடையவை. வளர்ப்புக் கூலியைத் தீர்மானிப்பது மட்டும் கம்பெனி. கிளப்பிலும் அப்படித்தான். பெயரையும் கூட்டத்தையும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். விலைச்சீட்டில் அதற்கு ஒரு காசு உண்டா?

வேறு வழி இல்லையா? ஜெர்மனியில் ஒரு விதி: கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு, லெவர்குசன் டீம் பேயர் மருந்துக் கம்பெனியுடையது. ஆனாலும் லீக் நிர்வாகம் ஒளிபரப்பு வருமானத்தில் முதலீட்டாளருக்குப் பங்கு விற்க முயன்றபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தப் பேச்சுவார்த்தை கைவிடப்பட்டது.

நாளைக்கு நம் பகுதி எக்ஸ்போர்ட் முதலாளி ஒருவர் டீம் நடத்துகிறேன் என்று வந்தால் நாம் விரட்டப் போவதில்லை. பனியனில் அவர் கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். பனியன் தைப்பதே நாம்தானே. ஆனால் டீமின் பெயரும் நிறமும் உறுப்பினர் சங்கத்தின் பேரில் பதிவாக வேண்டும். ஒரு பருவத்துச் சம்பளம் முன்கூட்டியே பாங்கில் இருக்க வேண்டும். விலகுவதென்றால் ஒரு வருஷ நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, பொதுக்கூட்டத்தில் வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள்.