புரட்டிவிட்ட பக்கங்கள்

(நாமக்கல்லில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண் இனப்பெருக்க மண்டலத்தை வகுப்பில் எப்படி நடத்துவது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இந்தப் பாடத்தை நடத்தாமல் விட்டவன் நான் என்பதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பள்ளியின் பெயரும் ஆண்டும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மாணவிகள் புத்தகத்தை மூடிக்கொண்டார்கள். எனக்கும் வியர்த்தது. “இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு முக்கிய வினாக்கள் குறித்துத் தருகிறேன்” என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, அதே வகுப்பு மாணவன் ஒருவன் காலை முதல் பாடவேளையில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனி உட்கார்ந்திருந்தான். கேட்டால் “வயித்து வலிங்க சார்” என்றான். வாந்தியும் எடுத்தான். வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவனுடைய ஒரு விந்தகம் முறுக்கிக்கொண்டிருந்தது. இரத்த ஓட்டம் நின்று பல மணி நேரம் ஆகியிருந்ததால் அதை அகற்ற வேண்டியதாயிற்று.

பார்க்கப் போனபோது, “ஏம்ப்பா, எங்கே வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றும் எனக்குள் இருக்கிறது: “அதுக்குக் கெட்ட வார்த்தைதானுங்க சார் எனக்குத் தெரியும். அதை உங்ககிட்ட எப்படீங்க சொல்றது?”

அவனுக்குத் தேவைப்பட்ட நல்ல வார்த்தை, நான் புரட்டிவிட்ட பக்கத்தில் இருந்தது.

எனவே முதல் வேலை, பெயர்களைக் கற்பிப்பது. இப்போது நான் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையில் எழுதுவேன்: விந்தகம், விதைப்பை, விந்து நாளம், விந்துப்பை, புரோஸ்டேட் சுரப்பி, ஆண்குறி. மூக்கு, முழங்கால் என்பதைச் சொல்வது போன்ற அதே குரலில் வாசிப்பேன். முதல் நிமிடம் சிரிப்பு வரும். அதட்டுவதில்லை. மூன்றாம் முறை வாசிக்கும்போது சிரிப்பு தானே அடங்கிவிடும்.

அடுத்து, நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துப் பிள்ளைக்குக் காயடிப்பது என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பொலிகாளையின் பருத்த திமிலும் முரட்டுத்தனமும் காயடித்த எருதுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் வகுப்பே யோசிக்கும். விந்தகத்துக்கு இரண்டு வேலைகள். விந்தணுக்களை உருவாக்குவது ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது இன்னொன்று. மீசை அரும்புவதும் குரல் உடைவதும் அந்த ஹார்மோனால்தான் என்று சொன்னால், மாணவன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

விந்தகங்கள் ஏன் உடலுக்கு வெளியே தொங்குகின்றன? விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். குளிரில் விதைப்பை சுருங்கி உடலை ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தளர்ந்து தொங்கும். இதைச் சொன்னபோது கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “அப்போ சேவலுக்கு எங்கே சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சேவலின் விந்தகங்கள் வயிற்றுக்குள், சிறுநீரகங்களை ஒட்டி இருக்கின்றன. பறவைகளில் ஏறத்தாழ 41 டிகிரி வெப்பத்திலும் விந்தணு உருவாகிறது. பாலூட்டிகளில் யானையைப் போன்ற சில தவிர, பெரும்பாலானவற்றுக்கு நம்மைப் போல வெளியேதான்.

வெளியே தொங்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. விந்தகம், இரத்தக் குழாய்கள் அடங்கிய ஒரு தண்டில் தொங்குகிறது. சில சமயம் அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள், அதாவது நம் வகுப்பறை வயதில் இது நேர்கிறது. திடீரென்று கடும் வலி, வீக்கம், குமட்டல் வரும். சிலர் அடிவயிற்று வலி என்றே சொல்வார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். “அந்த இடத்தில் திடீர் வலி வந்தால் வெட்கப்படாதே, உடனே சொல்” என்ற ஒரு வரியை ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவிடுங்கள். அது தேர்வில் வராது.

இரண்டாவது, பயம். நம் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?’ இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார் என்று ஒட்டியிருக்கும். நாம் பேசாத பாடத்தை அந்தச் சுவரொட்டி நடத்துகிறது. இப்போது கைபேசியும் நடத்துகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோய் என்று நினைத்து, படிப்பில் மனம் செல்லாமல் மெலிந்துபோன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற இந்த அச்சத்துக்கு, ‘தாது’ என்ற சொல்லை வைத்தே 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் பெயர் சூட்டினார். பையனுக்குத் துன்பம் தருவது இந்த அச்சமே.

இதற்கு மருந்து பாடநூலிலேயே இருக்கிறது. விந்தணு விந்தகத்தின் நுண்குழல்களில் உருவாகிறது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். அது எபிடிடைமிஸில் முதிர்ந்து, விந்து நாளம் வழியாக மேலேறுகிறது. விந்து திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புரோஸ்டேட்டிலும் சுரப்பது. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது. இத்தனை சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்பதெல்லாம் கட்டுக்கதை. எச்சில் ஊறுவது போல இதுவும் ஊறிக்கொண்டே இருக்கும். வெளியேறுவதால் உடம்பு தளராது. இந்த வழித்தடத்தைப் படம் வரைந்து காட்டினால், மாணவனின் அரைப் பயம் போய்விடும். மீதிக்கு வகுப்பில் ஒரு கேள்விப்பெட்டி வையுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, பழி. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1இல். ஆக அப்போது நாமும் சேலம்தான். பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்கத் தொட்டில் வைக்க வேண்டியிருந்த மண் இது. பெண் குழந்தை பெற்றதற்காகப் பேச்சு வாங்கிய மருமகள்கள் எத்தனை பேர்! குழந்தை ஆணா பெண்ணா என்பது விந்தணுவில் இருப்பது எக்ஸா, ஒய்யா என்பதைப் பொறுத்தது. கருமுட்டையில் எக்ஸ் மட்டுமே உண்டு.

இதற்கு இரண்டு பை போதும். தாயின் பையில் துவரை மட்டும். தந்தையின் பையில் துவரை பாதி, உளுந்து பாதி. கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் ஒரு மணி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் துவரையானால் பெண். உளுந்து வந்தால் ஆண். பத்து முறை எடுத்தபின், “எந்தப் பை முடிவு செய்தது?” என்று கேளுங்கள். ‘தாயையும் குறை சொல்லக்கூடாது, தந்தையையும் குறை சொல்லக்கூடாது, யாரும் பார்த்து எடுக்கவில்லை’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெண் பிறந்தால் அது குறையும் இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் உறுப்பின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தால்தான், யாராவது தவறாகத் தொட்டால் அது சொல்ல முடியும். ஆண் பிள்ளைக்கும் இது நேரும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. நமக்குத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி நம் கடமை. 1098 என்ற எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவையுங்கள்.

அந்த மாணவன் இப்போது லாரி ஓட்டுகிறார். ஒரு விந்தகமே இரண்டு வேலைகளுக்கும் போதும். அவருக்கு இரண்டு குழந்தைகள். அண்மையில் சந்தித்தபோது, மூத்தவன் ஏழாம் வகுப்பு என்றார். “அடுத்த வருசம் அந்தப் பாடம் வருதுங்களே சார், நல்லா நடத்தச் சொல்லுங்க” என்றார்.

அதைத்தான் உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தேன்.