கூலிக் கணக்கும் கையடக்கக் கணிப்பானும்



விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் சேகரித்து, நிறுக்குமிடத்தில் வரிசையாக நிற்கிறோம். நாம் சிந்திய வியர்வை அங்கே எண்களாக மாறுகிறது. அவ்வெண்களை நாமே சரிபார்க்கக் கற்றிருக்கிறோமா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

கைப்பேசியே கணக்குப் போடும்போது தனிக் கணிப்பான் எதற்கு என்று சிலர் கேட்பர். இதற்கு விடை காண, அண்டை நாடான சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனை நோக்குவோம். ஜொகூர்த் தோட்டங்களைக் கடந்து தஞ்சோங் பகார் சென்ற புகைவண்டிகள் 2011 ஜூன் வரை அவ்வழியே ஓடின. சிங்கப்பூரின் முதல் துணைநகரமாகிய அங்கே இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் குறைவில்லை. ஆயினும் அந்நகரப் பிள்ளைகள் தேசியத் தேர்வில் கணக்கிடக் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது. அனுமதிக்கப்பட்ட கணிப்பானையே எடுத்துச் செல்கின்றனர். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2009 முதல் கணிதத்தின் இரண்டாம் தாளுக்குக் கணிப்பான் உண்டு. முதல் தாளுக்கு இல்லை. மனக்கணக்கும் வேண்டும், கருவியும் வேண்டும் என்பதே இதன் பொருள். கணிப்பானுக்குக் கணக்கன்றி வேறு வேலை இல்லை. செய்தி வந்து குறுக்கிடாது, கவனத்தைக் கலைக்காது.

நமது தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பல தோட்டங்களில் பாலின் எடையை அல்ல, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் எடையையே கணக்கில் கொள்வர். முதல் நாள் 30 கிலோ, மறுநாள் 20 கிலோ பால் எடுத்தோம். இரு நாளும் நூற்றுக்கு 32 பங்கு காய்ந்த ரப்பர் என்று கொள்வோம். மொத்தப் பால் 50 கிலோ. காய்ந்த ரப்பர் 16 கிலோ. சாதாரணக் கணிப்பானில் 30 கூட்டல் 20, பெருக்கல் 32, வகுத்தல் 100 என்று வரிசையாக அழுத்தினால் 16 வரும். பல கைப்பேசிகளில் அதையே அழுத்தினால் 36.4 என்று வரும். அவை பெருக்கல், வகுத்தலை முதலில் முடித்துப் பின்னரே 30-ஐக் கூட்டும். கைப்பேசி பொய் சொல்லவில்லை. அதன் வழக்கம் வேறு. ஆகவே எக்கருவியாயினும், முதலில் கூட்டிச் சமக்குறியை அழுத்தி, பின்னரே பெருக்குதல் நன்று.

சூரியத் தகடு பொருத்திய கணிப்பான் வெளிச்சத்திலேயே இயங்கும். மின்னேற்றம் தேடி அலைய வேண்டாம். அதனுடன் ஒரு சிறு குறிப்பேடும் வைத்துக்கொள்வோம். நாள்தோறும் எடையையும் விகிதத்தையும் எழுதி வைப்போம். மாத இறுதியில் கூலிச் சீட்டுடன் ஒப்பிடுவோம். வேறுபாடு கண்டால் சினமின்றி, குறிப்பேட்டைக் காட்டி விளக்கம் கேட்போம். எழுதிய கணக்குக்கு மதிப்பு உண்டு.

நம் பிள்ளைகளையும் அருகிலமர்த்தி இக்கணக்கைப் போடச் செய்வோம். பள்ளிப் பாடமும் குடும்ப வரவும் ஒருங்கே விளங்கும். உழைக்கத் தெரிந்த நாம், உழைப்பின் கணக்கையும் அறிந்தவர்களாக வாழ்வோமாக!