வாசிப்புத் துணிவும் தகுதித் தேர்வும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் தேர்வைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் கருதலாம். நம் அவையில் ஆசிரியப் பணி புரிவோர் பலர் அமர்ந்திருக்கின்றனர். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவர்களின் உறக்கத்தைக் கலைத்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும்; தேறாவிடில் பணி விலக வேண்டும் என்றது அத்தீர்ப்பு. இருபதாண்டு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், வினாத்தாளை எண்ணி, "என்னால் இதைப் படித்து முடிக்க இயலுமா?" என ஐயுறுகிறார். அந்த ஐயமே என் உரைப்பொருள்.

தகுதித் தேர்வில் 150 வினாக்கள். அவற்றுள் 60 இருமொழிகளுக்கு உரியவை. தமிழகத்தில் 2012 ஜூலையில் முதன்முறை நடந்தபோது தரப்பட்ட நேரம் ஒன்றரை மணி. வினாவொன்றுக்கு 36 நொடி! ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதியதில் ஏறத்தாழ 2,400 பேரே தேறினர். அவ்வாண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் அளித்து மறுதேர்வு நடத்தினர்; தேறியோர் ஏறத்தாழ 19,000 ஆயினர். வினாத்தாளும் ஆயத்தமும் வேறாதலின் நேரம் ஒன்றே காரணம் எனத் துணிய இயலாது. ஆயினும் வாசிக்கும் விரைவு தேர்வில் எத்துணை விலையுடையது என்பதை எவரும் உணரலாம். தம் வாசிப்பை நம்பாதவர் ஒரே வரியை மும்முறை படிக்கிறார். நெஞ்சின் பாதி பொருளை நாட, மறுபாதி கடிகாரத்தை நோக்குகிறது. அறிந்த விடையும் அதற்குள் நழுவிவிடுகிறது.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் இத்தகைய தன்னாற்றல் நம்பிக்கையை ஆராய்ந்து, அது நான்கு ஊற்றுகளிலிருந்து பிறப்பதாகக் கூறினார். தானே செய்து வென்ற பட்டறிவு, தன்னை ஒத்தவர் வெல்வதைக் காணுதல், மதிக்கத்தக்கவரின் ஊக்கச் சொல், உடலும் உள்ளமும் பதற்றமின்றி இருத்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் துணிபு. ஆகவே, "அஞ்சாதீர்கள்" என்று முதுகில் தட்டுவது மட்டும் போதாது. நம்பிக்கை அறிவுக்கு மாற்றாகவும் ஆகாது. பாடத்தைப் படித்தே தீர வேண்டும். படித்ததைத் தேர்வறையில் கைநழுவ விடாமல் காப்பதே நம்பிக்கையின் பணி.

கவிஞர்களே, இவ்வித்தையை நீங்கள் அறிவீர்கள். முதற் கவியரங்கில் நடுங்கிய குரல் பத்தாம் அரங்கில் நிமிர்ந்து ஒலிப்பது எதனால்? படித்துப் படித்து, கேட்போர் முகம் மலரக் கண்டதனால் அன்றோ! ஆகவே ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் கூடும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். ஆசிரிய அன்பர்கள் முன்பின் அறியாத உரைநடைப் பகுதியொன்றைப் படித்து, பொருளுரைத்து, வினாக்களுக்கு விடை தரட்டும். முதலில் கடிகாரமின்றி, பின்னர்க் கடிகாரத்துடன். சிறுபகுதியில் தொடங்கி நெடும்பகுதிக்குச் செல்வோம். தேறியவர் தேறாதவர் அருகில் அமரட்டும்.

பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்டிய கைகள் வினாத்தாளின் முன் நடுங்கலாகாது. அக்கைகளைப் பற்றிக்கொள்வது பதினோராம் ஆண்டில் நம் கடமையாகட்டும்.