கண்ணில் மிளகாய் பட்டால் முதலில் தண்ணீர்

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், எங்கள் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் பணிபுரியும் மூத்த நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் அம்மா ஒரு விஷயத்தைக் குறிப்பாகக் கேட்டார்கள். சபையில் பல வீட்டுப் பெண் பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பாதுகாப்புக்கென்று பையில் பெப்பர் ஸ்பிரே வைத்திருக்கிறார்கள். அது தவறுதலாகக் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோருக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை என்றார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு இந்த டப்பாவை வாங்குகிறவர்கள் அதிகமானார்கள். எங்கள் நர்சிங் மாணவிகளிலும் சிலர் நைட் டூட்டிக்கு வரும்போது வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும். ஆனால் காற்றுக்கு எதிரே அடித்தால் அது அடித்தவர் முகத்துக்கே திரும்பி வரும் என்பதையும், கைப்பையைத் துழாவுகிற சின்னக் குழந்தைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சில பத்திரிகைகளில் இதை மிளகு ஸ்பிரே என்று எழுதுகிறார்கள். இதில் மிளகு இல்லை, மிளகாய்தான் இருக்கிறது. டப்பாவின் மேல் ஓலியோரெசின் காப்சிகம் என்று போட்டிருக்கும். மிளகாயிலிருந்து எடுத்த பிசின் போன்ற எண்ணெய் அது. அதிலுள்ள காப்சைசின் என்ற பொருள்தான் எரிக்கிறது. ஆகவே, நகை பறிக்க வருகிறவன் முகத்தில் தூவுகிற மிளகாய்ப் பொடியும், மாவு மில்லில் மிளகாய் அரைக்கும்போது பறக்கிற தூளும், வத்தல் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்குவதும், இந்த ஸ்பிரேயும் ஒரே குடும்பம். எங்களிடம் ஸ்பிரே பட்டு வருகிறவர்கள் குறைவு. மிளகாய்ப் பொடி பட்டு வருகிறவர்கள்தான் மிகுதி. முதலுதவி ஏறக்குறைய ஒன்றே.

ஏன் அவ்வளவு எரிகிறது? நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு வாசல் உண்டு. ஏறக்குறைய 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் சொல்லும். காப்சைசின் அதே வாசலைத் திறந்துவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் தம் குழுவினரோடு 1997-ல் இதைக் கண்டுபிடித்தார், 2021-ல் நோபல் பரிசும் பெற்றார். கண்ணில் தீ இல்லை, ஆனால் தீ பட்டதாகவே நரம்பு சொல்லுகிறது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. காப்சைசின் பட்ட இடத்தில் அந்த வாசல் இன்னும் இளகிப்போவதால், சாதாரண வெதுவெதுப்பும் அங்கே சுடும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒத்தடம் கொடுக்கிறோம். தூசி விழுந்த கண்ணுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். மிளகாய் பட்ட கண்ணுக்கு அது வேதனையைக் கூட்டும். அழுத்துவதால் தூளும் உள்ளே தேய்க்கப்படும். வெந்நீரும் வேண்டாம். குளிர்ந்த நீர்தான் வேண்டும்.

ஸ்பிரே பட்டவர் கண்ணைத் திறக்கவே முடியாது. கண்ணீர் கொட்டும், மூக்கு ஒழுகும், இருமல் வரும், பார்வை போய்விட்டது என்று அலறுவார்கள். பார்வை போகவில்லை, இமைதான் இறுகி மூடியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எரிச்சல் நன்றாகக் குறைந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர்கள் முதலில் இதைச் சொல்லி அவர்களைத் திடப்படுத்துங்கள். பயந்தால் கசக்குவார்கள். கசக்கினால் கருவிழி கீறும்.

பிறகு அந்த இடத்தை விட்டு நகருங்கள். 2014 பிப்ரவரி 13-ஆம் தேதி மக்களவையில் தெலங்கானா மசோதா வந்தபோது ஓர் உறுப்பினர் ஸ்பிரே அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூடிய மண்டபம் ஆனபடியால் சம்பந்தமில்லாதவர்களும் இருமினார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அறைக்குள்ளோ காருக்குள்ளோ நடந்தால் வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கண்ணைவிட மூச்சே முக்கியம். நிமிர்ந்து உட்காரவைத்து, அவர்கள் வழக்கமாக இழுக்கிற இன்ஹேலரைக் கொடுங்கள். மூச்சுத் திணறல் தணியவில்லை என்றால் உடனே புறப்பட்டு வாருங்கள்.

பொடியாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கீழே குனிந்து, புருவத்திலும் தலைமுடியிலும் உள்ள தூளை முதலில் தட்டிவிடுங்கள். உடனே தண்ணீர். குடிக்கிற தண்ணீர் எதுவானாலும் போதும். தலையை எரிகிற கண் பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக வழிந்தோடும்படி செம்பால் மெதுவாக ஊற்றுங்கள். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது. ஒருவர் இமைகளை விரித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊற்ற வேண்டும். நடுநடுவே கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் ஊற்றுங்கள். இரண்டு செம்பு ஊற்றிவிட்டு ஆட்டோ தேடுகிறவர்கள்தான் அதிகம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அதை எடுத்துவிடுங்கள். மறுபடி அதைப் போட வேண்டாம், அந்த எண்ணெய் அதில் தங்கிவிடும்.

முகத்தையும் கழுத்தையும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவலாம். குழந்தைகளுக்கான ஷாம்பும் போடலாம், எண்ணெயை அது எடுத்துவிடும். உடுப்பை மாற்றுங்கள். அன்று தலைக்குக் குளிக்கும்போது முன்பக்கமாகக் குனிந்து குளிக்க வேண்டும். இல்லாவிட்டால் முடியில் உள்ளது வழிந்து, ஆறின கண்ணை மறுபடியும் எரிய வைக்கும். உதவி செய்கிறவர்களும் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் அம்மா கேட்கலாம்: காரம் தின்று நாக்கு எரிந்தால் மோர் குடிக்கிறோமே, கண்ணுக்குப் பால் விட்டால் என்ன? நியாயமான கேள்விதான். பாலிலுள்ள புரதம் வாயிலிருந்து காப்சைசினை எடுத்துவிடுகிறது, அது உண்மை. ஆனால் 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 49 பேருக்கு முகத்தில் ஸ்பிரே பட்ட பிறகு பால், குழந்தை ஷாம்பு, வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் மருந்து, மரத்துப்போக வைக்கிற ஜெல், வெறும் தண்ணீர் என்று ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை. நேரம் போகப் போகத்தான் வலி குறைந்தது. அப்படியிருக்க, கிருமி நீக்காத பாலைக் கண்ணில் ஏன் விட வேண்டும்? தாய்ப்பாலையும் சேர்த்தேதான் சொல்கிறேன். இதைச் சொன்னால் பாட்டிமார் என்மேல் வருத்தப்படுவார்கள். குழந்தையின் வயிற்றுக்குத் தாய்ப்பாலுக்கு இணை எதுவும் இல்லை. கீறல் விழுந்த கருவிழிக்கோ அது மருந்து அல்ல.

விளக்கெண்ணெயும் நெய்யும் அப்படியே. காப்சைசின் எண்ணெயில் கரையும். அதனால்தான் மிளகாய் நறுக்கி எரிகிற கையில் நல்லெண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் நன்றாகக் கேட்கிறது. கைக்கு அது சரி. கண்ணில் விட்ட எண்ணெயைச் சோப்புப் போட்டு எடுக்க முடியாதே! மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண்ணும் கிருமியும் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகிப் பார்வையே கெட்டுவிடலாம்.

இதோடு நான் நிறுத்தலாம். ஆனால் தண்ணீர், தண்ணீர் என்று நான் இத்தனை தரம் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கண் எரிகிறது என்று ஒரு குழந்தை அலறும்போது என்ன பட்டது என்று எப்போதும் தெரிவதில்லை. மிளகாய் பயமுறுத்தும், பெரும்பாலும் போய்விடும். சுண்ணாம்பு அப்படியல்ல. வெற்றிலைக்கு வாங்கிவைத்த சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் வைத்து அழுத்த, அது பிதுங்கிக் கண்ணில் அடித்துவிடுகிறது. சுண்ணாம்பு காரப் பொருள். கண்ணின் மேல்தோலிலுள்ள கொழுப்பையே சோப்பாக மாற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். சில நிமிஷங்களில் கருவிழி வெண்மை தட்டிவிடலாம். இந்தக் குழந்தைக்குப் பார்வை இருக்குமா இருக்காதா என்பதில், நாங்கள் பிறகு செய்வதைவிட முதல் ஐந்து நிமிஷத்தில் வீட்டில் இருந்தவர்கள் செய்ததுதான் பெரிது.

சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், ஆகவே கழுவக்கூடாது என்று சிலர் தடுக்கிறார்கள். கொதிப்பது சுட்ட கல் சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீர்த்தது, அது கொதிக்காது. கல் சுண்ணாம்புத் தூளாக இருந்தாலும் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, நிறையத் தண்ணீரைக் கொட்டுவதே சரி. இமையின் மடிப்பில் ஒட்டிய கட்டி தெரிந்தால் ஈரமான சுத்தத் துணி முனையால் மெல்ல எடுங்கள். அரைமணி நேரம் குறையாமல் கழுவுங்கள், வழியிலும் ஒரு குடம் தண்ணீரோடு ஊற்றிக்கொண்டே வாருங்கள். நன்றாகத் தெரிகிறது என்று குழந்தை சொன்னாலும் சுண்ணாம்புக் கண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வந்ததும் சீட்டுக்கு நிற்க வேண்டாம், நேரே உள்ளே வரலாம். ஊசி இல்லாத டிரிப் குழாய் வழியாக சலைன் விட்டு, காரம் போய்விட்டதா என்று ஒரு காகிதத்தால் சோதித்துச் சோதித்துக் கழுவுவோம். ஒரு கண்ணுக்கே பல பாட்டில் செலவாகும். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பங்கு அப்படித்தான் தரையில் ஓடுகிறது.

மிளகாய்க் கண்ணுக்கு எப்போது வர வேண்டும்? கழுவி ஒரு மணி நேரம் ஆகியும் வலி தணியாவிட்டால், பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், மணல் உறுத்துவதுபோல் இருந்தால் வாருங்கள். மிளகாய் விதையோ தோலோ மேல் இமைக்குள் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறுவதுண்டு. ஸ்பிரேயை மிக அருகிலிருந்து அடித்திருந்தால், அதன் வேகமே கண்ணைக் காயப்படுத்தியிருக்கும். எரிச்சல் போனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள். சிலவற்றில் மிளகாயோடு வேறு கண்ணீர்ப்புகைப் பொருளும் கலந்திருக்கும்.

சொன்னதைவிடச் செய்து பார்த்தால் மனதில் நிற்கும். பேசினும் செம்பும் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு பேர் முன்னால் வாருங்கள். ஒருவர் தலையைச் சாய்த்துப் படுக்கட்டும், மற்றவர் ஊற்றட்டும். ஐயாமார்களில் ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.