கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நின்டவ



போன மாதம் நாங்கள் நாலு பேர் சிட்னியிலிருந்து ஸ்டான்வெல் பார்க் மலைக்கு ஹேங் கிளைடிங் செய்யப் போனம். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குத் திரும்புற இடத்தில எஞ்சின் கொதிச்சு கார் நின்டிட்டுது. ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருந்தது. பறக்கிற நாங்கள் மூன்று பேரும் போனைப் பாத்துக்கொண்டு நின்டம். பறக்காத தோழிதான், சூடு ஆறினாப்பிறகு, வெடிச்ச நுனியை வெட்டி, ஹோஸைத் திரும்ப மாட்டி, எங்கட குடிதண்ணியை ஊத்தினா.

மலையில நல்ல காத்து. நாங்கள் கிளம்புமட்டும் கிளைடரின்ட பக்கக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நின்டதும் அவதான். கீழ கடற்கரையில இறங்கின எங்களை ஏத்த வந்ததும் அவதான்.

அதே கடற்கரையில 1894 நவம்பர் 12 அன்று லாரன்ஸ் ஹார்கிரேவ் நாலு பெட்டிப் பட்டங்களின் கீழ் இருந்து ஏறத்தாழ 16 அடி உயர்ந்தார். அவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. தரையில் நின்று உதவிய ஜேம்ஸ் ஸ்வைனை எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கட அமைப்பிலும் இதே கதைதான். மைக் பிடிக்கிறவரின் பெயர் போஸ்டரில் வரும். கார் ஓடுறவை, சோறு சமைக்கிறவை, கதிரை அடுக்கிறவை நன்றியுரையில்கூட வராயினம். உழைப்புச் சுரண்டலைப் பற்றிப் பேசுற நாங்கள் இதை எப்படி நியாயப்படுத்துறது?

அடுத்த கூட்டத்தில மைக் அவவிட்ட. கார்ச் சாவி என்னட்ட.