சுருதிக்கு எந்த வடிப்பான்?

நஞ்சன்கூட்டில் நாம் குடியிருக்கும் வீட்டில் வடிகட்டிகள் பல உண்டு என்று சொன்னால், நேயர்கள் காப்பி வடிகட்டியைத்தான் முதலில் நினைப்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவை ஒலியை வடிப்பவை. அவற்றுள் இரண்டை ஈயப்பற்று வைத்து நம் கையாலேயே செய்து பார்த்தோம். கலைப் பட்டதாரிக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். காரணம் நம் அன்னையார்.

அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. விரல் மூட்டுக்கள் முடிச்சிட்டுப் போனதால் தம்புராவை மீட்ட இயலவில்லை. தம்புரா தஞ்சாவூரில் உறவினர் வீட்டிலேயே தங்கிவிட்டது. கைப்பேசியில் ஒலிக்கும் தம்புராவைச் சில நாள் வைத்துப் பார்த்தோம். "ஒரே மீட்டலை எத்தனை தடவையப்பா கேட்பது?" என்று அவர் பாட்டையே நிறுத்திவிட்டார். அவர் மறுபடி பாடவேண்டும் என்பதே நம் கவலை.

ஸிந்தஸைஸர் என்னும் இசைக்கருவியைக் கூறு கூறாகப் பிரித்து, வேண்டிய கூற்றை மட்டும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இத்தகைய கருவி நம் நாட்டுக்குப் புதிதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே, டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞரின் துணையோடு, மூக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. கீதா சாராபாய் முதலியோர் அதில் இசை அமைத்தார்கள். அந்தப் பதிவுகள் நெடுநாள் உறங்கிக் கிடந்து, 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

இக்கருவியில் முதலில் பிறப்பது கிளைச்சுரங்கள் அனைத்தும் நெருங்கிய கரடான ஒலி. அதில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிப்பது வடிப்பான். தம்புராவில் இந்தத் தொழிலைச் செய்வது ஜீவாளி நூல். நம் ஸர் சி. வி. ராமன் 1921-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மீட்டும் இடத்தை ஒட்டி எழவே கூடாதென்று பழைய விதி கூறும் கிளைச்சுரங்களும் தம்புராவில் வலுவாக எழுகின்றன என்று காட்டினார். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டுவதே தம்புராவின் உயிர்.

நாம் முதலில் செய்தது மூக்கின் ஏணி வடிப்பான். ராபர்ட் மூக் 1969-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. டிரான்ஸிஸ்டர் இணைகள் ஏணிப் படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்; நடுவே நான்கு மின்தேக்கிகள். வரம்புக்கு மேல் ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் ஒலி 16-இல் ஒரு பங்காகக் குறைகிறது. இணைகள் ஒத்திருக்கவேண்டும். பெங்களூர் எஸ். பி. ரோட்டில் வாங்கிய நூறு டிரான்ஸிஸ்டர்களை இரண்டு இரவுகள் அளந்தோம். விரல் பட்டாலே அளவு மாறும். ஒரு டிகிரிச் சூட்டுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். இடுக்கியால் எடுத்து வைத்து, ஆறவிட்டு, அளக்கவேண்டும். அரசாங்கக் கோப்புக்கூட இவ்வளவு பொறுமையைக் கேட்பதில்லை.

ஒலி என்னவோ தேன்தான். ஆனால் கிளைச்சுரங்களைத் தூக்கிக் காட்ட ஒத்ததிர்வுக் குமிழைத் திருப்பியதும், "ஸட்ஜம் எங்கே போயிற்று?" என்றார் அன்னையார். அவர் செவி பொய்க்கவில்லை. வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிடுவதே ஏணியின் ஒத்ததிர்வு. அது கூடக்கூட அடிச்சுரம் தேயும். தானாகவே ஊளையிடத் தொடங்கும் எல்லையில் 5-இல் ஒரு பங்காகிவிடும். அன்னையாரின் சுருதி 5 கட்டை; மந்தர ஸட்ஜம் விநாடிக்குச் சுமார் 98 அதிர்வு. அதை இழந்தபின் எதைப் பிடித்துப் பாடுவது?

இரண்டாவதாகச் செய்ததை ஆங்கிலப் பெயரையொட்டி 'நிலைமாறி வடிப்பான்' எனலாம். அழகான பெயரன்று, இதைவிட மோசமானவற்றுக்கும் நாம் அலுவலகத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். இதில் தாழ்சுரம், நடுப்பட்டை, மேல்சுரம் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் தனித்தனி வாயில்களில் வருகின்றன. எல்.எம். 13700 என்ற ஒரே சில்லில் இதற்கு வேண்டிய இரண்டு பெருக்கிகளும் அடங்குவதால் இணை தேடும் தொல்லை இல்லை. தாழ்சுர வாயிலில் சரிவு ஏணியைவிட மெத்தனம். ஸ்தாயிக்கு 4-இல் ஒரு பங்குதான். தனியே கேட்டால் சற்று மெலிவாகவே இருக்கிறது. ஆயினும் ஒத்ததிர்வைக் கூட்டினாலும் அடிச்சுரம் அசைவதில்லை. தாழ்சுர வாயிலிலிருந்து ஸட்ஜத்தையும், நடுப்பட்டை வாயிலிலிருந்து மெல்ல நகரும் கிளைச்சுரங்களையும் எடுத்துக் கலந்தோம்.

டையோடு ஏணி என்று இன்னொன்று உண்டு. 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங், ராகங்களை நடனத் தாளத்தில் அமைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டில் வாசித்த ரோலண்ட் டி.பி. 303 கருவியில் இருப்பது அதுவே. அதன் கடி நம் காரியத்துக்கு உதவாதென்று விட்டுவிட்டோம்.

விளக்கேற்றும் நேரத்தில் புதிய பெட்டியை அன்னையார் எதிரில் வைத்தோம். சற்று நேரம் கேட்டார். "தம்புரா இல்லை. ஆனாலும் ஸட்ஜம் நிற்கிறது. கொஞ்சம் தணித்து வை" என்று சொல்லிப் பாடத் தொடங்கினார். பங்குனி வெயிலில் வடிப்பானின் வரம்பு இன்னும் விலகத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் நம்மை அழைப்பதில்லை. குமிழைச் சற்றுப் பெரிதாகவே வைத்திருப்பதால், அந்த முடிச்சு விரல்களாலேயே அவர் திருப்பிக்கொள்கிறார்.